பழைய அம்பாசடர், பத்மினி: மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்துச் சரிசெய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் பழைய அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்கள் பிரேக் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. நான்கு சக்கரத்திலும் டிரம், ஒரே பைப் லைன், பெடல் அழுத்தத்தை பிரேக் ஆயில் அழுத்தமாக மாற்றும் ஒற்றை பிஸ்டன் மாஸ்டர் சிலிண்டர் உள்ள வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. இந்த வண்டிகளில் எங்கே ஒரு கசிவு வந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். மிச்சம் இருப்பது கேபிளில் இயங்கும் ஹேண்ட் பிரேக் மட்டுமே. அதனால் இந்த வேலையில் 'பரவாயில்லை, ஓடும்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

மாஸ்டர் சிலிண்டரில்தான் கோளாறு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எஞ்சினை அணைத்துவிட்டு, சமதரையில், பெடலை மிதமாக அழுத்தி அரை நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். கால் அழுத்தம் மாறாமல் இருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ அழுத்தம் வெளியேறுகிறது. உடனே மாஸ்டர் மேல் பழி போடாதீர்கள். நான்கு சக்கரங்களின் உட்புறமும், பைப் இணைப்புகளும், முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என இருக்கும் ரப்பர் ஹோஸ்களும் ஈரமாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பல பழைய வண்டிகளில் பிரேக் லைட் சுவிட்சும் ஆயில் லைனிலேயே இருக்கும். அதன் முனையில் கசிவதை அநேகம் பேர் கவனிப்பதில்லை.

எல்லாம் காய்ந்திருக்கிறது என்றால், மாஸ்டரின் பின்புறம் பெடலிலிருந்து வரும் புஷ்ராடு நுழையும் இடத்தில் உள்ள ரப்பர் பூட்டை (தூசி மூடியை) லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் பின் கப் (பிஸ்டனோடு ஓடி ஆயிலை அடைக்கும் ரப்பர்), அதாவது செகண்டரி கப், போய்விட்டது.

ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை, ரிசர்வாயரிலும் ஆயில் குறையவில்லை. ஆனாலும் பெடல் இறங்குகிறது. எப்படி?

முன் கப்பான பிரைமரி கப், ஆயிலைத் தள்ளிக்கொண்டு போவதற்குப் பதிலாகத் தன் ஓரமாகப் பின்னால் கசியவிடுகிறது. அந்த ஆயில் பிஸ்டனின் இடுப்புப் பகுதிக்கு வந்து அங்கிருந்து மறுபடி ரிசர்வாயருக்கே போய்விடும். அதனால் அளவு குறையாது, தரையும் நனையாது. இதற்கு இன்னோர் அடையாளம் உண்டு: வேகமாக ஓங்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும், சிக்னலில் லேசாக மிதித்துக்கொண்டு நின்றால் இறங்கும். ஓங்கி மிதிக்கும்போது எழும் அழுத்தம் கப்பின் உதட்டை விரித்து போரோடு (சிலிண்டரின் உட்குழாய்ச் சுவரோடு) ஒட்டவைக்கிறது. மெதுவாக மிதிக்கும்போது அந்த விரிவு கிடைப்பதில்லை. ஆகவே ஓங்கி மிதித்துப் பார்த்துவிட்டு 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று முடிவு செய்யாதீர்கள்.

முதல் மிதியில் பெடல் ஆழமாகப் போகிறது, இரண்டு தரம் பம்ப் செய்தால் மேலே வந்து நன்றாகப் பிடிக்கிறது. மாஸ்டர் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. சக்கரத்தைத் தூக்கி, அட்ஜஸ்டரைச் சக்கரம் இறுகும் வரை திருப்பி, பிறகு சுதந்திரமாகச் சுற்றும் வரை மட்டும் தளர்த்துங்கள். நான்கையும் செய்த பிறகும் அதே நிலை என்றால் மாஸ்டரின் முனையில் உள்ள செக் வால்வைப் பாருங்கள். டிரம் பிரேக் லைனில் சுமார் 8 முதல் 12 பிஎஸ்ஐ அழுத்தத்தை எப்போதும் தேக்கிவைப்பது அதன் வேலை. அந்தச் சிறு அழுத்தம் இருந்தால்தான் சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கப்புகளின் உதடு விரிந்தே இருக்கும், காற்று உள்ளே வராது.

பம்ப் செய்யும்போது பெடல் மேலே வந்தாலும் பஞ்சாக இருக்கிறது என்றால் லைனில் காற்று. அது வேறு கதை.

கிட் (புது ரப்பர் பாகங்களின் தொகுப்பு) வாங்கிப் போட்டால் போதுமா? முழு சிலிண்டரே மாற்ற வேண்டுமா?

இதைத் தீர்மானிப்பது கிட் அல்ல, போர். புது கப்பை அரித்துப்போன போரில் போட்டால் சில வாரம் நன்றாக இருக்கும். பிறகு துருக்குழியின் விளிம்பு கப்பின் உதட்டைச் சுரண்டிச் சுரண்டிப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடும். 'போன மாதம்தான் கிட் போட்டேன், மறுபடி இறங்குகிறது' என்ற புகாரில் பெரும்பகுதி இப்படி வருவதுதான். ஆகவே முதலில் பிரியுங்கள், போரைப் பாருங்கள், அதன் பிறகு கடைக்குப் போங்கள்.

போரை எப்படிப் பார்ப்பது?

சுத்தமாகக் கழுவி, காயவைத்து, ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையிலிருந்து பாருங்கள். ஒரு முனை மூடியிருக்கும் வார்ப்பென்றால் சாய்வாக ஒளியை உள்ளே விடுங்கள். குறிப்பாக அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். படுக்கைவாட்டில் பொருத்திய சிலிண்டரில் கசடும் கறுப்புச் சேறும் அங்கேதான் தங்கும், துருவும் அங்கேதான் தொடங்கும்.

கண்ணில் படும் கறை எல்லாம் குழி அல்ல. விரல் நகத்தை அதன் மேல் இழுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் அது கறைதான். 400 நம்பர் வாட்டர் பேப்பரை ஒரு மரக்குச்சியில் சுற்றி, பிரேக் ஆயிலில் நனைத்து, வட்டவட்டமாகத் தேய்த்தால் போய்விடும். நீளவாட்டில் தேய்க்க வேண்டாம். அந்தக் கோடுகள் வழியாகவே ஆயில் கசியும். நகம் இடறினால், அதுவும் கப் ஓடும் பகுதியில் இடறினால், தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். குழி போகும்வரை தேய்த்தால் போர் பெருத்துவிடும்.

எவ்வளவு பெருத்தால் கூடாது என்பதற்கு எளிய சோதனை: கப் இல்லாமல் பிஸ்டனை மட்டும் போருக்குள் விட்டு, பக்கத்தில் 0.15 மி.மீ. பீலர் கேஜை (இடைவெளி அளக்கும் தகட்டை) நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் அந்தச் சிலிண்டரின் காலம் முடிந்தது. இடைவெளி அதிகமானால் அழுத்தத்தில் ரப்பர் அந்தச் சந்துக்குள் பிதுங்கி, ஓரம் கடிபட்டுக் கிழியும்.

இதெல்லாம் இரும்பு வார்ப்புக்குத்தான். அலுமினிய சிலிண்டரில் ஹோன் போடவே (உட்சுவரைத் தேய்க்கவே) கூடாது. மேலே உள்ள கடினமான பூச்சு போய்விட்டால் மெத்தென்ற உலோகம் வெளியே வந்து சீக்கிரம் அரிக்கும். அலுமினியத்தில் குழி கண்டால் மாற்றுவதுதான் வழி.

போர் குழிந்துவிட்டது, அதே மாடல் சிலிண்டர் கிடைக்கவில்லை. ஸ்லீவ் (உள் உறை) போடலாமா?

போடலாம். நல்ல லேத்துப் பட்டறையில், பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் இறுக்கமாக இறக்கி, பழைய போர் அளவுக்கே கடைந்து ஹோன் செய்து தருவார்கள். சேலத்தில் லேத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லா லேத்துக்காரருக்கும் பிரேக் வேலை பழக்கமில்லை. வேலை கொடுக்கும்போது மூன்று விஷயத்தை எடுத்துச் சொல்லுங்கள். வேலை முடிந்த பின் போர் பழைய அளவேதான் இருக்க வேண்டும், 'கொஞ்சம் பெரிசு' ஆகக் கூடாது. ரிசர்வாயரிலிருந்து வரும் இரண்டு துளைகளையும் ஸ்லீவிலும் அதே இடத்தில், அதே அளவில் போட வேண்டும். அந்தத் துளைகளின் உள்விளிம்பில் பிசிறு இருக்கவே கூடாது. கப் ஒவ்வொரு மிதியிலும் அந்தச் சின்னத் துளையைக் கடந்து ஓடுகிறது. ஒரு பிசிறு இருந்தால் புது ரப்பரைப் பிளேடுபோல் சீவிவிடும்.

கிட் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

வண்டியின் பெயரைச் சொல்லி மட்டும் வாங்காதீர்கள். அம்பாசடர் பல ஆண்டுகள், பல மாற்றங்களோடு வந்த வண்டி. அதன் நடுவே கை மாறிய வண்டிகளில் வேறு சிலிண்டர் பொருத்தியிருப்பதும் உண்டு. சிலிண்டர் உடலில் போர் அளவு பெரும்பாலும் வார்ப்பிலேயே இருக்கும். 3/4 அங்குலம் என்றால் 19.05 மி.மீ., 7/8 அங்குலம் என்றால் 22.2 மி.மீ. எழுத்து அழிந்திருந்தால் வெர்னியரில் அளந்துகொண்டு போங்கள். பழைய கப், பிஸ்டன், ஸ்பிரிங் மூன்றையும் கையோடு கொண்டுபோய் ஒப்பிடுவது இன்னும் நல்லது.

முழு சிலிண்டரே வாங்குகிறீர்கள் என்றாலும் இந்த அளவு முக்கியம். 3/4 இருந்த இடத்தில் 7/8 போட்டால் பிஸ்டனின் பரப்பு 36 சதவீதம் கூடிவிடும். அதே கால் அழுத்தத்துக்கு லைனில் கிடைக்கும் அழுத்தம் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறையும். பெடல் மேலேயே கல்லுப்போல நிற்கும், 'நல்ல பெடல்' என்று தோன்றும், வண்டி மட்டும் நிற்காது.

கப்பை விரலால் வளைத்துப் பாருங்கள். உதட்டில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால், வளைத்த இடம் உடனே திரும்பாவிட்டால், அலமாரியில் பல வருஷம் கிடந்த சரக்கு. அதேபோல 'பழைய ஒரிஜினல், பெட்டி பிரிக்காதது' என்று கிடைக்கும் முழு சிலிண்டரையும் பிரித்து ரப்பர் மாற்றாமல் பொருத்த வேண்டாம்.

கழற்றும்போது எதில் கவனம் வேண்டும்?

பைப் நட்டை ஓப்பன் ஸ்பேனரால் திருகினால் முனை மழுங்கும். பைப்பைச் சுற்றிப் பிடிக்கும் பிளேர் நட் ஸ்பேனர் வேண்டும். முந்தின நாளே துருநீக்கி தெளித்து வையுங்கள். நட் திரும்பும்போது பைப்பும் கூடவே முறுக்கிக்கொண்டு வந்தால் நிறுத்துங்கள். அதை மீறித் திருகினால் பைப் முறியும். கழன்றதும் பைப் முனையை ரப்பர் மூடியால் அடையுங்கள்.

பிரிட்டிஷ் வம்சத்து அம்பாசடரில் அங்குல மரை, இத்தாலிய வம்சத்து பத்மினியில் மெட்ரிக் மரை. 3/8 அங்குல நட்டும் 10 மி.மீ. நட்டும் கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றாகவே இருக்கும். இரண்டு சுற்று கையாலேயே போகவில்லை என்றால் ஸ்பேனர் போட்டு ஏற்றாதீர்கள்.

ஆயில் பெயின்டில் பட்டால் உரித்துவிடும். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் வைத்துக்கொண்டு, பட்ட நிமிடமே கழுவுங்கள்.

சிலிண்டரை வைஸில் பிடிக்கும்போது போர் பகுதியை இறுக்காமல், போல்ட் மாட்டும் காதைப் பிடியுங்கள். ரப்பர் பூட்டை எடுத்து, புஷ்ராடை உள்ளே அழுத்திக்கொண்டே லாக்கை எடுத்தால் வாஷரும் பிஸ்டனும் ஸ்பிரிங் விசையில் வெளியே வரும். பிஸ்டன் சிக்கிக்கொண்டால் பைப் துளை வழியாகக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் விடுங்கள், சிலிண்டரின் வாயில் தடித்த துணியைச் சுருட்டிவைத்து. முகம் அந்தத் திசையில் இருக்கக் கூடாது. வரும் வரிசையிலேயே ஒரு வெள்ளைத் துணியில் அடுக்கி, போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

எதில் கழுவுவது? பெட்ரோல், மண்ணெண்ணெய் பயன்படுத்தலாமா?

உள் பாகங்களுக்கு வேண்டவே வேண்டாம். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில், சாதாரண கிரீஸ் எதுவாக இருந்தாலும் பிரேக் ரப்பர் ஊறி உப்பிவிடும். உப்பிய கப் போரில் இறுகி, திரும்பி வராமல், பிரேக்கை ஜாம் செய்யும். வெளிப்புறச் சேற்றை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். உட்புறத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலிலோ புது பிரேக் ஆயிலிலோ கழுவுங்கள். நூல் பிரியும் வேஸ்ட் துணியால் துடைக்காதீர்கள். ஒரு நூல் சின்னத் துளையில் போய் உட்கார்ந்தால் எல்லா வேலையும் திரும்பச் செய்ய வேண்டும்.

அந்தச் 'சின்னத் துளை' எது? ஏன் அதற்கு இவ்வளவு பேச்சு?

ரிசர்வாயருக்கும் போருக்கும் நடுவே இரண்டு துளைகள் இருக்கும். பெரியது பிஸ்டனின் இடுப்புக்கு ஆயில் கொடுக்கிறது. சின்னது, ஒரு மி.மீ.க்கும் குறைவானது, ஓய்வில் இருக்கும் முன் கப்பின் உதட்டுக்குச் சற்றே முன்னால் திறக்கிறது. பெடலை விட்டதும், சூட்டில் விரிந்த ஆயில் ரிசர்வாயருக்குத் திரும்பும் ஒரே வழி அதுதான். அது அடைபட்டால் லைனில் அழுத்தம் தேங்கி, பெடலில் கால் இல்லாமலே பிரேக் பிடித்துக்கொள்ளும்.

டிரில் பிட்டோ ஊசியோ விட்டுக் குடையாதீர்கள், விளிம்பு பிசிறாகும். மின்கம்பியின் ஒற்றைச் செம்பு இழையை விட்டு அசைத்து, பிறகு காற்று விட்டால் போதும். ஒளிக்கு நேராகப் பிடித்தால் துளை சுத்தமான வட்டப் புள்ளியாகத் தெரிய வேண்டும்.

ரிசர்வாயர் மூடியிலும் காற்று போய்வர ஒரு துளை உண்டு. பெயின்ட் அடித்து அதை அடைத்துவைத்த வண்டிகள் நிறைய.

கோர்க்கும் வரிசை என்ன?

பழைய லாக்ஹீட் வகை சிலிண்டருக்கு இப்படி: முதலில் செக் வால்வு, அதன்மேல் ஸ்பிரிங்கின் அகன்ற முனை. ஸ்பிரிங்கின் மறுமுனையில் சிறு தாங்கி. அடுத்து முன் கப், உதடு உள்நோக்கி, அதாவது ஆயிலைத் தள்ளும் திசையைப் பார்த்து. பிறகு மெல்லிய வாஷர், அதன் பின் பிஸ்டன். பின் கப்பைப் பிஸ்டனிலேயே முன்கூட்டி ஏற்றியிருக்க வேண்டும், அதன் உதடும் முன்னோக்கியே. கடைசியாக நிறுத்து வாஷர், லாக், பூட்.

அந்த மெல்லிய வாஷரைத்தான் பலர் கழுவும்போது தொலைத்துவிடுகிறார்கள், அல்லது 'தேவையில்லாத தகடு' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பிஸ்டன் தலையில் சுற்றிலும் சிறு துளைகள் இருக்கும். பெடல் திரும்பும்போது ஆயில் அந்தத் துளைகள் வழியாக வந்து கப்பின் ஓரத்தை மடக்கிக்கொண்டு முன்னால் பாயும். காற்று உறிஞ்சப்படாமல் இருப்பது அதனால்தான். வாஷர் இல்லாவிட்டால் கப்பின் முதுகு அந்தத் துளைகளுக்குள் அழுந்திப் பொத்தலாகும். அதன் வளைவு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதற்குத்தான் கழற்றும்போது எடுத்த படம்.

எல்லா ரப்பரையும் புது பிரேக் ஆயிலில் ஊறவைத்து, போரையும் நனைத்த பிறகு கோர்த்துவிடுங்கள். கப்பை ஏற்ற விரல்தான் கருவி, ஸ்குரூடிரைவர் அல்ல. போர் வாயில் நுழையும்போது உதடு எங்கும் மடங்காமல் சுற்றிலும் உள்ளே போனதா என்று பார்த்து, பிறகே அழுத்துங்கள். லாக் தன் பள்ளத்தில் முழுதும் உட்கார்ந்ததா என்று திருப்பிப் பாருங்கள். பைப் இணைப்பில் செம்பு வாஷர் இருந்தால் புதிது போடுங்கள். கிடைக்காவிட்டால் பழையதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி நீரில் போட்டால் மீண்டும் மெத்தென்று ஆகும்.

பெடலுக்கு எவ்வளவு 'ப்ளே' (வெற்று இடைவெளி) வைக்க வேண்டும்?

புஷ்ராடு முனைக்கும் பிஸ்டனுக்கும் இடையே சுமார் 1 மி.மீ. பெடல் நெம்புகோல் விகிதம் 5 என்றால் அது காலடியில் 5 மி.மீ. ஆகத் தெரியும். ஆழமாக இறங்கும் பெடலைத் 'தூக்க' புஷ்ராடை நீட்டிவைக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. பெடல் உயரும், உண்மைதான். ஆனால் பிஸ்டன் முழுசாகத் திரும்பாமல், கப் சின்னத் துளையை மூடியபடியே நிற்கும். அதன் விளைவு மேலே சொன்னதுதான்.

கோர்த்து ஆயில் ஊற்றியதும் ஒரு சோதனை செய்யுங்கள். ரிசர்வாயர் மூடியைத் திறந்து ஒருவர் டார்ச் அடித்துப் பார்க்க, மற்றவர் பெடலைக் கையால் மெல்ல அழுத்தட்டும். அழுத்தம் தொடங்கும் அந்தக் கணத்தில் சின்னத் துளையிலிருந்து ஆயில் மெல்லிய கம்பியாக மேலே எழ வேண்டும். எழுந்தால் துளை திறந்திருக்கிறது, ப்ளேயும் இருக்கிறது. எழாவிட்டால் புஷ்ராடைக் குறையுங்கள். (முகத்தை நேரே மேலே வைக்காதீர்கள். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.)

எந்த ஆயில்? எவ்வளவு?

டாட் 3 அல்லது டாட் 4 தர பிரேக் ஆயில். மலை ஏறி இறங்கும் வண்டிக்கு டாட் 4 நல்லது. புதிதாக இருக்கும்போது டாட் 3-இன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4-இன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அதே அளவுகோல்கள் 140, 155 என்று இறங்கிவிடும். டப்பாவில் எழுதியிருக்கும் பெரிய எண் புது ஆயிலுக்கு மட்டும்தான். டாட் 5 சிலிக்கோன் வகை, மற்றதோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 என்பது வேறு, அது டாட் 4-இன் குடும்பம்.

முழு லைனையும் புதுப்பிக்க அரை லிட்டர் போதும். சின்ன டப்பாக்களாக வாங்குங்கள். பாதி திறந்த டப்பா அலமாரியில் கிடந்தே ஈரம் குடிக்கும். ஏர் எடுக்கும்போது (லைனில் உள்ள காற்றை வெளியேற்றும்போது) வெளியே வந்த ஆயிலை மறுபடி ஊற்றாதீர்கள்.

ஏர் எடுத்தும் எடுத்தும் பெடல் பஞ்சாகவே இருக்கிறது. என்ன செய்வது?

காற்று மாஸ்டருக்குள்ளேயே இருக்கலாம். வண்டியில் ஏற்றும்முன் வைஸில் சமமட்டமாகப் பிடித்து, வெளித்துளையில் ஒரு டியூபை மாட்டி அதன் மறுமுனையை ரிசர்வாயர் ஆயிலுக்குள் முக்கி, பிஸ்டனை மெதுவாக அழுத்தி மெதுவாக விடுங்கள். குமிழி நின்ற பிறகு வண்டியில் ஏற்றுங்கள்.

சக்கரங்களில் மாஸ்டரிலிருந்து தூரமானதில் தொடங்குவது வழக்கம்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. அழுத்துபவர் சொல்லாமல் காலை எடுக்கக் கூடாது. நிப்பிளை (சக்கரத்தில் காற்றை வெளியேற்றும் திருகை) திறந்தவர் மூடிவிட்டுச் சொன்ன பிறகே பெடல் மேலே வர வேண்டும். ரிசர்வாயர் பாதிக்குக் கீழே போகவிடாதீர்கள்.

கிட் மாற்றாத பழைய சிலிண்டரில் ஏர் எடுக்கிறீர்கள் என்றால் பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள். கப் தினமும் ஓடாத ஆழத்தில் போரில் துருப் படிந்திருக்கும். பெடலைத் தரைவரை மிதித்தால் கப் அதன்மேல் ஏறி, அன்றைக்கே கிழியும். 'ஏர் எடுக்கக் கொடுத்தேன், மாஸ்டரே போய்விட்டது' என்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

ஏற்காடு ஏறி முடித்ததும் டிரம் நான்கும் சுடுகிறது, வண்டி உருள மறுக்கிறது. ஏன்?

ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலையே இல்லை. அப்படியும் சுட்டால் பிரேக் விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. மாஸ்டரிலிருந்து வெளியேறும் பைப் நட்டைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஆயில் பீறிட்டு, சக்கரங்கள் விடுபட்டால் குற்றம் மாஸ்டரில்: ப்ளே இல்லை, அல்லது சின்னத் துளை அடைப்பு, அல்லது கப் உப்பியிருக்கிறது. அங்கே தளர்த்தியும் ஒரு சக்கரம் மட்டும் விடவில்லை, ஆனால் அதன் நிப்பிளைத் திறந்தால் விடுகிறது என்றால் அந்த ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி, ஒருவழிப் பாதை ஆகிவிட்டது. வெளியே பார்க்கப் புதிதாகவே தெரியும். நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் ஷூ, ஹேண்ட் பிரேக் கேபிள், அல்லது சிக்கிய வீல் சிலிண்டர்.

இறங்கும்போது பாதி வழியில் பெடல் மாறுகிறது. இது மாஸ்டர் கோளாறா?

எப்படி மாறுகிறது என்பதைப் பொறுத்தது. பெடல் மேலேயே உறுதியாக நிற்கிறது, ஆனால் எவ்வளவு மிதித்தும் வண்டி நிற்க மறுக்கிறது, கருகல் வாசனை வருகிறது என்றால் லைனிங் சூடேறி வழுக்குகிறது. பெடல் திடீரென்று மெத்தென்று ஆகித் தரைக்குப் போகிறது என்றால் வீல் சிலிண்டரில் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. ஆறிய பிறகு இரண்டுமே சரியாகிவிடும், அதுதான் ஆபத்து. அடிவாரத்தில் பட்டறையில் காட்டும்போது எல்லாம் நன்றாக இருக்கும்.

ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்குள். நான்கு பேரோடு 1,400 கிலோ எடையுள்ள அம்பாசடர் 1,200 மீட்டர் இறங்கும்போது வெளியேற வேண்டிய சக்தி சுமார் 16 மெகாஜூல், அதாவது 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம். அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரில் இறங்குங்கள், வளைவுக்கு வளைவு அழுத்தமாக மிதித்து முழுதும் விடுங்கள். காலை லேசாக வைத்தபடியே வருவதுதான் டிரம்மை வேகவைக்கும். சுட்ட டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிக்கவோ கோணவோ செய்யும்.

ஓட்டத்தில் பெடல் போய்விட்டால்: வேகமாகப் பம்ப் செய்துகொண்டே கீழ் கியருக்கு வாருங்கள், ஹேண்ட் பிரேக்கைப் படிப்படியாக இழுங்கள், மலையை ஒட்டிய உட்பக்கமாக ஒதுக்குங்கள்.

எஸ்டேட்டில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு என்ன பராமரிப்பு?

மலை மேல் மழையும் மூடுபனியும் நீண்ட காலம் நிற்கும். ஆயில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பிஸ்டன் நின்ற இடத்திலேயே துரு கட்டும். வாரம் ஒருமுறை பெடலைப் பத்துப் பதினைந்து தரம் மிதமாக அழுத்திவிடுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுதும் மாற்றுங்கள், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவைக்காமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளாது.

டேண்டம் (இரட்டை பிஸ்டன்) சிலிண்டருக்கு மாறலாமா?

நல்ல யோசனைதான். முன்னும் பின்னும் தனித்தனி லைன் ஆகிவிடும், ஒன்று போனாலும் மற்றொன்று நிற்கும். ஆனால் பழைய போர் அளவுக்கு நெருக்கமாக எடுக்க வேண்டும், டிரம்முக்கான செக் வால்வு இரண்டு லைனிலும் இருக்க வேண்டும், புஷ்ராடு நீளம் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். முன்னால் டிஸ்க் போட்ட வண்டியில் அந்த லைனுக்கு டிரம் வகை செக் வால்வு கூடாது, பேட் உரசிக்கொண்டே இருக்கும்.

வேலை முடிந்தது. நேரே மலைக்குப் போகலாமா?

கூடாது. முதலில் வண்டிக்குக் கீழே செய்தித்தாள் விரித்து, பெடலை முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மாஸ்டர் மட்டுமல்ல, நான்கு சக்கரங்களையும் பாருங்கள். மாஸ்டர் பலமானதும், அதுவரை பாதி அழுத்தத்தில் தாக்குப்பிடித்த வீல் சிலிண்டர் கசியத் தொடங்குவது சகஜம். இரவு முழுதும் அப்படியே நிறுத்தி, காலையில் தாளில் சொட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு காலி மைதானத்தில் 10, 20 கி.மீ. வேகத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒருபக்கம் இழுக்கக் கூடாது. அடுத்து அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக அடிவாரம் வரை சாதாரணமாக ஓட்டி, நிறுத்தி, நான்கு டிரம்மின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் அதைச் சரிசெய்யாமல் ஏறாதீர்கள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் முதல் சில வளைவுகள் மட்டும் ஏறி இறங்குங்கள், ஆறவிட்டுப் பெடல் உயரத்தையும் ரிசர்வாயர் மட்டத்தையும் பாருங்கள். முழு மலையும் அதற்கு அடுத்த நாள். 500 கி.மீ. ஓடிய பிறகு மாஸ்டரின் ரப்பர் பூட்டை ஒருமுறை விலக்கிப் பார்த்து, உள்ளே காய்ந்திருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.